பாதியாகச் சுண்டிய தண்ணீர்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆற்றில் தண்ணீர் வந்து எங்கள் பக்கமெல்லாம் நாற்று விட்டிருந்த சமயம் நடந்தது இது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்த தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. எங்களுக்கு அம்மா இல்லை. அந்தக் குறை அவளுக்குத் தெரியக்கூடாது என்று நான் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். தாய்ப்பால் போதாததால் டாக்டர் சொல்லிக் குழந்தைக்குப் பால் பவுடரும் கரைத்துக் கொடுத்தோம்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ருசியும் அப்படி. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்காரர்கள் குடிக்க எங்களிடம்தான் பிடித்துப் போவார்கள். தெருக்குழாய்த் தண்ணீரை நான் பாத்திரம் கழுவக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் அப்படியே கொடுத்துவிடுவேனா? ஒரு குண்டான் தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் கொடுப்பேன். “ஒரு கொதி வந்தா போதாதாக்கா?” என்று தங்கை கேட்டால், “உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு” என்று அடக்கிவிடுவேன்.

தங்கை கணவருக்கு வெளிநாட்டில் வேலை. குழந்தையைப் பார்க்க வந்தவர் மூன்றாம் நாள், “அண்ணி, இந்தத் தண்ணியை எப்பவாவது டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா? அங்க சொந்தக் கிணறு வச்சிருக்கிறவங்க அடிக்கடி பண்ணிப் பார்க்கிறாங்க. மண்ணுல இருக்கிற உலோகம் தண்ணியில இறங்கியிருந்தா கண்ணுக்கே தெரியாதாம்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுத் தண்ணீரையா சந்தேகப்படுகிறார்! “தாராளமா பண்ணுங்க தம்பி” என்றேன். அவர் மூக்கை உடைத்தே தீருவது என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். பாட்டிலை நானே நிரப்பினேன். போரிலிருந்து பிடிக்கவில்லை. சுண்டக் காய்ச்சி வடிகட்டி வைத்திருந்ததை ஊற்றிக் கொடுத்தேன். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பெண்ணை அலங்கரித்து நிறுத்துகிற மாதிரி! யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு வாரம் கழித்து முடிவு வாங்க நானும் அவருடன் தஞ்சாவூருக்குப் போனேன். பரிசோதனைக் கூடத்தில் இருந்த பெண் தாளைப் பார்த்துவிட்டு, “இதை யாரும்மா குடிக்கிறாங்க?” என்று கேட்டாள்.

“எல்லாரும்தான். கைக்குழந்தைக்கும் இதுலதான் பால் கரைக்கிறோம்” என்றேன், பெருமையாகவே.

அவள் முகம் மாறிவிட்டது. ஆர்செனிக் அனுமதித்த அளவைத் தாண்டி எக்கச்சக்கமாக இருக்கிறதாம். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். “பாஷாணம்னு சொல்வாங்கல்லம்மா, அதுல இருக்கிறது” என்றாள்.

“எந்தப் பாவிம்மா கலந்தான்?” என்று கத்தினேன்.

“யாரும் கலக்கலைம்மா. சில இடத்துல பூமிக்கு அடியில தானாவே இருக்கும். ஆனா இது ரொம்ப அதிகமா இருக்கே. போர்ல நேரா பிடிச்சதுதானே?”

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். தங்கை கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நல்லா காய்ச்சினா போயிடும்லம்மா?” என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டேன்.

“கிருமின்னா செத்துடும். இது உலோகம்மா. தண்ணிதான் ஆவியாப் போகும், இது அங்கேயே தங்கிடும். பாதியாச் சுண்டினா, மிச்சத் தண்ணியில இது ரெண்டு மடங்காயிடும்.”

ரெண்டு மடங்கு! என் கையாலேயே, தினம் தினம், அந்தப் பச்சை மண்ணுக்கு!

தங்கைக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. காரில் வரும் வழியெல்லாம் போட்டுக்கொண்டே இருந்தோம், அடித்து அடித்து ஓய்ந்தது. தங்கை கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. வீட்டுக்குள் ஓடினால், தங்கை குழந்தையை மடியில் போட்டுப் பால் பாட்டிலை வாயில் வைத்திருக்கிறாள். பாய்ந்து பிடுங்கினேன். குழந்தை வீறிட்டது. “என்னக்கா இது? நீ சொன்ன மாதிரியே பாதியாச் சுண்ட வச்சுத்தானே கரைச்சேன்?” என்றாள் தங்கை. அவள் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அன்றைக்கே குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். எல்லாம் பார்த்துவிட்டு, “கொஞ்ச நாள்தானே கொடுத்திருக்கீங்க, இன்னையோட நிறுத்திடுங்க, பயப்படாதீங்க” என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மறுபடியும், இந்தத் தடவை போரிலிருந்து நேராகவே பிடித்து, சோதனைக்குக் கொடுத்தோம். அளவு முதல் தடவையைவிடக் குறைவுதான். ஆனாலும் குடிக்கக் கூடாது என்றார்கள். தெருக்குழாய்த் தண்ணீரையும் சோதித்தோம், அது நன்றாக இருந்தது. நாலு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். “இத்தனை நாளா கொடுத்துட்டு இப்ப வந்து சொல்றியே” என்றார் ஓர் அம்மா. தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். இப்போது தெருக்குழாயில் வரிசையில் நின்று குடம் பிடிக்கிறேன்.

குழந்தை நன்றாக இருக்கிறாள், வீடெல்லாம் ஓடுகிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் “பெரியம்மா, தண்ணி” என்று என்னிடம்தான் டம்ளரை நீட்டுகிறாள். நான் என்ன கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் குடித்துவிடுகிற அந்த நம்பிக்கையைப் பார்த்தால்தான், இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.