இல்லாத டீக்கடைக்கு வழி

ஊர்ப் பெயரை மாற்றாமல் கதை எழுதுகிற பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்குத் தெரியாததில்லை: நம் தொழிலில் கதாபாத்திரங்கள் சும்மா இருந்தாலும் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பகலில் நான் மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, எங்கள் வழக்கில் கிராணி. மற்ற நேரத்தில் கதைக்காரன். ஒவ்வொரு கதையையும் நிஜமான ஓர் இடத்தில் நடத்தி, வாசகர்களின் கைப்பேசிக்கு அனுப்பும்போது அந்த இடத்தின் மேப்பையும் சேர்த்து அனுப்புவேன்.

பத்து நிமிட நடை

முதல் கதையில் என் நாயகி பதினாலாம் நம்பர் மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பத்தே நிமிடத்தில் இறங்கிவிடுவாள். மேப் அப்படித்தான் சொன்னது. ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே அளந்து எழுதிவிட்டேன்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்தில் குடியிருக்கும் சரஸ்வதி அக்கா அந்த மலையில் இருபது வருடமாகக் கொழுந்து வெட்டுகிறவர். மறுநாள் ஆபீஸ் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: “ஏன் கிராணி, உங்க கதைப் பொண்ணு முதுகுல மூட்டை இல்லாமதான் இறங்குச்சா?”

வெறும் பச்சை

அக்காவின் கணவர் மணியம் அண்ணனுக்கு ஒரு காலையில் நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். மேல் லயம் என்ற பெயரே மேப்பில் இல்லாததால் வண்டி ஓடைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டது. கடைசியில் பிரிஞ்சாங் போகிற காய்கறி லோரி ஒன்றை மறித்து, கோஸ் கூடைகளுக்கு நடுவே அண்ணனைப் படுக்கவைத்துக் கீழே இறக்கினோம். பிழைத்துக்கொண்டார்.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. இத்தனை குடும்பம் குடியிருக்கிற இடத்துக்கு ஒரு பெயர் போட முடியாதா? பாதி வழியில் எதிர்ப்பட்டு அண்ணனை ஏற்றிக்கொண்ட ஆம்புலன்ஸ் டிரைவர் போனை நீட்டிக் காட்டினார்: “நீங்களே பாருங்கண்ணே, இங்க வெறும் பச்சைதான் இருக்கு. மனுசனே இல்லலா.”

நாலு பெயர்

மேல் லயத்தை மேப்பில் ஏற்றாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். பெயரைச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தேன். உறுதிசெய்ய முடியவில்லை என்று பதில் வந்தது. இன்னும் நாலு பேர் சொன்னால் நம்புவார்கள் என்று லயத்து ஆட்களையும் அனுப்பச் சொன்னேன். என்ன பெயர் போடுவது என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். ஒருவர் கோயில் லயம் என்றார், ஒருவர் பதினாலாம் நம்பர் லயம் என்றார், இன்னொருவர் தண்ணித்தொட்டி லயம் என்றார். எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான். மேப் குழம்பிப்போய் எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

கங்காணி லயம் என்று அனுப்பியிருந்த மணியம் அண்ணனிடம் சண்டைக்கே போனேன். அவர் அசரவில்லை: “நான் பொறந்தது கங்காணி லயத்துலய்யா. மேல் லயம்னு ஆபீஸ்ல நீங்கதான் சொல்றீங்க.”

ஒரு டீ

பிறகு அந்த லயத்திலேயே நடக்கிற ஒரு கதை எழுதினேன். அதில் ஒரு டீக்கடை வைத்தேன், சுத்தக் கற்பனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து ஒரு தம்பதி நான் கதையோடு அனுப்பிய மேப்பைப் பிடித்தபடி காரில் வந்து இறங்கி, அந்தக் கடை எங்கே என்று கேட்டார்கள். அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்துவிட்டது. சரஸ்வதி அக்கா வாசலில் நாற்காலி போட்டு, டீ ஆற்றிக் கொடுத்தார். அவர்கள் படமெடுத்து, டீக்கடை என்று மேப்பில் சேர்த்து, ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியும் லயம் ஏறவில்லை. இல்லாத கடை ஒரே வாரத்தில் ஏறிவிட்டது! பொய்யை எடுக்கச் சொல்லி எழுதப் போன என் கையிலிருந்து அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார்: “டீக்கடைன்னு இருந்தா என்ன, சாராயக்கடைன்னு இருந்தா என்ன? வண்டி வந்தா போதும்லா!”

வாசலில் வண்டி

போன மாதம் மணியம் அண்ணனுக்கு மறுபடியும் வலி. போனில் டீக்கடைப் பெயரைச் சொன்னேன். நான் லயத்துக்கு ஏறி வருவதற்குள் வண்டி வாசலில் நின்றது. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே டிரைவர். அண்ணனை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தபடி கேட்டார்: “கடையைக் காணோமேண்ணே, மூடிட்டாங்களா?”

அண்ணன் நலமாக வீடு திரும்பிவிட்டார், நானும் கங்காணி லயம் என்றே ஆறாவது விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன், ஆனாலும் இத்தனை வருட எழுத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றிய ஒரே வரி நான் விட்ட புளுகுதான்.