பன்னிரண்டாம் மைல்கல்லில் கேட்ட ஜெபம்

சபையாரே, என் மகள் சாலோமியை ஆறு வயதில் வெறிநாய் கடித்தது. அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம். கெண்டைக்காலில் நான்கு பற்கள் ஆழமாக இறங்கியிருந்தன. அதே நாய் பக்கத்துத் தெருவில் ஒரு கன்றுக்குட்டியையும் கடித்துவிட்டு, நுரை தள்ளிச் செத்தது.

ஊசி சித்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் போடுவார்கள். பள்ளிப்பட்டுப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து இருபத்து நான்கு மைல். என் கணவரோ கோலார் தங்கச்சுரங்கத்தில் வேலையாக இருந்தார். எங்கள் பகுதி ஆந்திராவுக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்று எல்லைச் சண்டை முற்றியிருந்த சமயம். பஸ் ஓடவில்லை. வழியில் கல் அடுக்கி மறிக்கிறார்கள் என்று மாட்டுவண்டிக்காரர்களும் வர மறுத்தார்கள்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. மிஷன் பள்ளி டீச்சரான நான், எங்கள் ஊரைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவள். போகிற வழியெல்லாம் தெலுங்கு ஊர்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் இடுப்பில், கொஞ்ச தூரம் முதுகில். செருப்பு வார் அறுந்தது. முழங்கால் வீங்கியது. உச்சி வெயிலில் ஒரு மைல்கல் வந்தது. சித்தூர் பன்னிரண்டு மைல். அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சரிபாதி வழி. திரும்பினாலும் பன்னிரண்டு, போனாலும் பன்னிரண்டு. எனக்குத் தெம்பு இருந்ததெல்லாம் வந்த பாதிக்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவரை நான் ஜெபிக்கக்கூட இல்லை. என் காலையே நம்பி வந்திருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. வாய்விட்டு அழுதேன். "ஆண்டவரே, பாதி நடந்துட்டேன். இனி என்னால ஆகாது. மீதி வழி உம்முடையது."

கண்ணைத் துடைத்தபோது எதிரே ஏழெட்டுப் பேர், கையில் தடியோடு. சற்றுத் தள்ளிக் கல் அடுக்கி வழியை மறித்திருந்தவர்கள் அவர்கள்தான். முன்னால் நின்ற பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். அவர் அந்த ஊர் ராகவ ரெட்டி என்று பிறகு தெரிந்தது.

"கையெழுத்து வாங்கிக்கினு சுத்தின டீச்சரம்மா நீதானே?"

பொய் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. "ஆமாங்க, நான்தான். எம்பொண்ண வெறிநாய் கடிச்சிட்ச்சு. ஊசி போடத் தூக்கினு போறேன்."

அவர் குனிந்து காலைப் பார்த்தார். தடியைக் கீழே போட்டார். திரும்பித் தெலுங்கில் சத்தம் போட்டார். ஆட்கள் ஓடிப்போய்க் கற்களைப் புரட்டித் தள்ளினார்கள். அவர் வீட்டு வண்டியே வந்தது. அவர் மனைவி எங்கள் இருவருக்கும் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்.

"ஐயா, நான் உங்களுக்கு எதிரா..." என்று ஆரம்பித்தேன்.

"எல்ல சண்டைய நாளைக்குப் போட்டுக்கலாம்மா. புள்ளைக்கி இன்னா தெலுங்கு, இன்னா தமிழு? ஏறு வண்டில!"

அவரே ஓட்டினார். இன்னும் இரண்டு இடங்களில் மறித்தார்கள். அவரைக் கண்டதும் வழிவிட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் சித்தூர் சேர்ந்தோம். அன்றே முதல் ஊசி. வயிற்றைச் சுற்றி மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் அவள் அலறினாள். நான் ஸ்தோத்திரம் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அந்தக் கன்றுக்குட்டி வெறிபிடித்துச் செத்தது. என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை!

பிறகு எல்லைச் சண்டை தீர்ந்தது. எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது, ரெட்டியார் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. எனக்கு அதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. தெலுங்கு எழுதப் படிக்கக் கற்றேன். எதிரி என்று நான் எண்ணியவர்களின் கையிலேயே ஆண்டவர் எனக்கான உதவியை வைத்திருந்தாரே!

உங்களில் யாராவது இன்று பாதி வழியில் உட்கார்ந்திருந்தால், அங்கேயே அவரைக் கூப்பிடுங்கள். யார் மூலம் வருவார் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். சாலோமி, எழுந்து நில்லம்மா. எல்லாரும் உன்னைப் பார்க்கட்டும்.