போர்ட் ஃபேரியின் நத்தைத் தொட்டிகள்

காலை ஏழு மணிக்கு வெரிபீயில் என் தங்கை வீட்டிலிருந்து புறப்பட்டோம். நான் மெல்பேர்ணில் வந்திறங்கி மூன்றாம் நாள். போர்ட் ஃபேரிக்கு ஏறக்குறைய இருநூற்று அறுபது கிலோமீற்றர். காரை ஓட்டியவர் என் கணவர் அன்ரன். படகில் வந்தவருக்கு நிரந்தர விசா கிடைத்து, நான் வந்து சேரப் பதினொரு வருடம் ஆகிவிட்டது. அத்தனை வருடமும் தொலைபேசியில் மட்டுமே கேட்ட குரல் பக்கத்து இருக்கையிலிருந்து வந்தபோது, திரும்பிப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவருக்கும் அப்படித்தான் போலும். வழியிலுள்ள கோலாக் ஊர் வரை நத்தையைப் பற்றியே பேசினார். அவருக்கு அபலோனிப் பண்ணையில் வேலை. குளிர்ந்த கடலில் பாறையோடு ஒட்டி வாழும், உண்ணக்கூடிய நத்தை அது.

“ஓட்டில வரிசையாத் துளை இருக்கும். மூச்சுவிட்ட தண்ணி அதாலதான் வெளிய போகும். கடற்பாசிதான் சாப்பாடு.”

கோலாக்கில் ஐந்தரை டொலருக்கு ஒரு கோப்பி வாங்கினோம். எனக்கு எத்தனை கரண்டி சீனி என்று கேட்டார். மறந்துவிட்டார்.

பத்தரைக்குப் பண்ணை. குழாயில் ஏற்றிய கடல்நீர் நீண்ட, ஆழமில்லாத தொட்டிகளில் ஓடிக்கொண்டிருந்தது. மழுங்கிய கரண்டியால் ஒரு நத்தையை மெல்லக் கிளப்பி என் உள்ளங்கையில் வைத்தார். காது வடிவில் சிவந்த ஓடு. அடியில் ஓரம் கறுத்த ஒற்றைப் பாதம். அது என் கையை இறுகப் பற்றியது.

“இழுக்காதேயும். வெட்டுப்பட்டா ரத்தம் உறையாது, செத்துப்போடும். பொறும், தானா விடும்.”

“குஞ்சு எப்பிடிப் பொரிக்கும்?”

“ஆணும் பெண்ணும் கிட்ட வரத் தேவையில்லை. எல்லாத்தையும் தண்ணிக்க விட்டிட்டு…” சட்டென்று நிறுத்திவிட்டார்.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். எங்கள் ஊர் பேசாலையில் அவர் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர்.

“இஞ்சயும் குளிக்கிறனீங்களோ?”

“இல்லை. கடலுக்க இறங்கி நத்தை எடுக்கிற டைவர் வேலைக்குக் கேட்டவங்கள். மாட்டன் எண்டிட்டன்.”

“ஏன்?”

“நீர் இஞ்ச வந்து சேரமுந்தி எனக்கு ஏதும் நடந்தா?”

பதினொரு வருடமும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கவில்லையாம். அலைக்குள் தெரிந்த பாறைகளைக் காட்டினேன்.

“பாறையடியில இந்த நத்தையள் தானா வளருமோ?” என்றேன்.

“வளரும். நான் கண்டதில்லை.”

“போய்ப் பாத்திட்டு வாங்கோ. நான் இஞ்சதான் நிக்கிறன்.”

சட்டையைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு இறங்கினார். இடுப்பளவு நீரில் நின்று திரும்பிப் பார்த்தார். கையசைத்தேன். தலை மறைந்தது. பேசாலையில் அவர் மூழ்கும்போது எண்ணுவதுபோல எண்ணத் தொடங்கினேன்.

நாற்பத்தொன்றில் மேலே வந்தார். குளிரில் பல் அடிக்க, “கண்டனான்!” என்று கத்திச் சிரித்தார். தொலைபேசியில் அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் கேட்டதில்லை.