சுசீலா மேடம் நீட்டிய சீப்பு

செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. காலையில் எழுந்ததும் ஆசிரியர் குழுவில் ஒரு கேள்வியைப் போடுவது சுசீலா மேடத்தின் வழக்கம். செங்கல் சூளையில் பிறக்கிற பிள்ளை எந்த ஊரைச் சொந்த ஊர் என்று சொல்லும், யாருக்காவது தெரியுமா என்பது போல ஏதாவது இருக்கும். அதனால், கே.கே. நகர் கிளினிக்கில் பிரஷர் பார்க்க உட்கார்ந்திருந்த நான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். வெளியே வந்து திறந்தால், அம்மா மாரடைப்பில் காலமாகிவிட்டார் என்று அவர் மகன் எழுதியிருந்தார். வண்டியைக் கிளப்பத் தோன்றாமல் அங்கேயே நின்றேன்.

பெண்கள், குழந்தைகளின் இடப்பெயர்வுச் சிக்கல்கள் பற்றி நம் கல்லூரியில் நடக்கும் சான்றிதழ் படிப்பைத் தொடங்கியவர் என்று இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றிச் சொன்னார்கள். சரிதான். ஆனால் அவரோடு சனிக்கிழமை வகுப்பு எடுத்த நமக்கு அவர் முதலில் ஓயாத கேள்விக்காரர். மதுரை திருமலை நாயக்கர் மகால் பக்கம் வீடு, வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். "எங்க ஆளுக வந்து எத்தனையோ தலைமுறை ஆச்சு சார், இன்னும் எந்த ஊருன்னு கேக்குறாங்க. நானும் பதிலுக்குக் கேக்க ஆரம்பிச்சுட்டேன்" என்பார்.

பொருளியல் ஆசிரியரான என்னை இந்தப் படிப்புக்கு இழுத்ததும் ஒரு கேள்வியால்தான். உங்கள் வீட்டில் முதலில் ஊரை விட்டு வந்தது யார் என்றார். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், வேலைக்காக மதுரைக்கு வந்த முதல் ஆள் நான்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். உங்கள் அம்மா பிறந்தது எங்கே என்றார். திருமங்கலம், கல்யாணமாகி உசிலம்பட்டிக்கு வந்தார் என்றேன். "அப்ப மொத ஆளு அவங்கதானே? அவங்களை ஏன் கணக்குலயே சேக்கல?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடிக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த சனிக்கிழமை நான் வகுப்பில் இருந்தேன். விடுமுறை நாளும் போச்சே என்று வீட்டில் நல்ல திட்டு.

உங்களில் சிலர் அந்த ரயிலடிச் சம்பவத்தை அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். அன்றைக்கு நான் கூடவே இருந்தேன். முந்தின வாரம் மேடம் பிள்ளைக் கடத்தல் பற்றிப் பாடம் எடுத்திருந்தார். ஊர்மொழி தெரியாத பிள்ளை, கூடத் தாய் இல்லை, பயந்த முகம், கேட்டால் பேச்சில்லை என்று அடையாளங்களை அடுக்கியிருந்தார். அந்த வாரம் களப்பணிக்காக மாணவிகளை ரயிலடிக்கு அழைத்துப் போனோம். நடைமேடையில் ஒரு வடநாட்டு மனிதர், கூட ஆறேழு வயதுப் பெண்பிள்ளை. கோரிப்பாளையத்து மாணவி நஸ்ரினுக்கு வீட்டில் உருது பழக்கம், அதனால் இந்தியும் பேச வரும். அவள் போய், இவர் உனக்கு யார் என்று பிள்ளையிடம் கேட்டிருக்கிறாள். பிள்ளை வாயே திறக்கவில்லை. பாடத்தில் சொன்ன அத்தனையும் பொருந்திப் போகவே, குழந்தை உதவி எண்ணை அழைத்துவிட்டாள்.

குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி வந்தார். நான்தான் தகப்பன், திருமங்கலத்துப் பக்கம் சூளையில் வேலை, திருப்பூர் மில்லில் இருக்கும் தாயிடம் பிள்ளையைக் கொண்டுபோகிறேன் என்று அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொன்னார். நஸ்ரின் அதைத் தமிழில் சொன்னாள். தாயின் போன் எடுக்கப்படவில்லை. மில்லுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்களாம், மாலை ஷிப்ட் முடிய வேண்டும். அதுவரை பிள்ளை காப்பகத்தில் இருக்கட்டும் என்றார் அதிகாரி. அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் வேலை அது. பிள்ளையின் கையைப் பிடித்ததும் அது வீறிட்டு அழுதது. கூட்டம் கூடிவிட்டது.

மேடம் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத அழுகையில் அதன் இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து தொங்கியது. கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து அந்த மனிதரிடம் நீட்டினார். அவர் ஒரு நொடி விழித்தார், பிறகு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளை அதிகாரியின் கையை உதறிவிட்டு வந்து, அந்த மனிதரின் முழங்கால்களுக்கு நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டது. அழுகை நின்றுவிட்டது. காய்ப்புக் காய்த்த விரல்கள் மூன்று கால் பிரித்துப் பின்னத் தொடங்கின.

"மேடம், இது அத்தாட்சி ஆகாதே" என்றார் அதிகாரி, தணிந்த குரலில். ஆகாதுதான், தாய் பேசும்வரை எல்லாரும் இங்கேயே உட்கார்ந்திருப்போம், பிள்ளை அவர் மடியிலேயே இருக்கட்டும் என்றார் மேடம். அவர்கள் போகவேண்டிய வண்டி எங்கள் கண்ணெதிரே கிளம்பிப் போனது.

மாலை தாய் வீடியோவில் வந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை படபடவென்று கொட்டித் தீர்த்தது. என்ன சொல்கிறாள் என்று மேடம் கேட்டார். நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்களாம் மேம். அப்பாவுக்குக் கை நடுங்கிருச்சாம், சடையைக் கோணலாப் போட்டுட்டாராம்" என்றாள். மேடம் எழுந்து போய் அந்த மனிதரைக் கைகூப்பிக் கும்பிட்டார்.

அடுத்த வகுப்பில் நஸ்ரின் தலை நிமிரவில்லை. "நீ போன் பண்ணது தப்பில்லம்மா. இன்னொரு நாள் சந்தேகம் வந்தாலும் பண்ணு. பயப்படச் சொல்லிக்குடுத்த நான் பாக்கச் சொல்லிக்குடுக்கல" என்றார் மேடம். பிறகு எங்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னார்: "தாய் வேலைக்குப் போயிட்டா பிள்ளை என்னாகும்னு ஒரு பாடமே வச்சிருக்கோம். தகப்பன் என்னென்ன கத்துக்கிட்டான்னு ஒரு வரி இருக்கா?" அந்த வரிக்காகப் பாடத்திட்டக் குழுவோடு கடைசிவரை மல்லுக்கட்டினார். பெண்கள் படிப்பில் ஆண்களுக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் இந்த அஞ்சலியையும் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

அந்த மனிதருக்குப் பின்னல் போட யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மில் வேலைக்குப் போகும்போது மனைவி கற்றுக்கொடுத்தாரா, அவராகவே தட்டுத்தடுமாறிப் பழகினாரா என்று மேடம் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே கேட்டிருக்கலாமே, எதையும் விடாத ஆள் நீங்கள் என்று ஒருமுறை சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு அவருகிட்ட நாம அம்புட்டுக் கேள்வி கேட்டாச்சு சார். ஒண்ணாவது கேக்காம விடணும்ல" என்றார்.

இந்தச் சனிக்கிழமை அவருடைய வகுப்பை நான் எடுக்கிறேன். அவர் கேட்ட கேள்விகள் மாணவிகளுக்கு இருக்கின்றன. கேட்காமல் விட்ட அந்த ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன்.