பிந்தினா பிந்தட்டும்

சுனாமி அடித்த வாரம், ஊர் திரும்ப வளைகுடா விமான நிலையமொன்றில் காத்திருந்தேன். விமானம் பிந்திக்கொண்டே போனது. கடலோரச் செட்டிபாளையத்தில் என் வீட்டார் தப்பியது தெரிந்தும், கவுண்டரில் நின்று கத்தினேன். பக்கத்து இருக்கையில், வீட்டு வேலைக்கு வந்து ஊர் திரும்பும், கறுத்த அபாயா அணிந்த பெண் ஒருவர் இருந்தார். காத்தான்குடிக் கடற்கரையில் வீடாம். தாமத அறிவிப்பு வரும்போதெல்லாம் பையிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்துத் தன் முழங்காலோடு வைத்து அளந்து பார்ப்பார். பிறகு மடித்து வைப்பார்.

என் போனை நீட்டினேன். “வீட்டுக்கு எடுத்துப் பாருங்க அக்கா.”

“வேணாம் தம்பி. எடுத்தா என்னவும் சொல்லிடுவாங்க. இப்ப வரைக்கும் என்ட புள்ள ஊட்டுலதான் இரிக்கா. பிளேன் பிந்தினா பிந்தட்டும்.”

விமானம் தயார் என்றதும் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். திரும்பிப் பார்த்தேன். அவர் எழும்பவே இல்லை; மடியில் சட்டை விரிந்து கிடந்தது.

“நீங்க போங்க தம்பி” என்றார், வேறு விமானத்துக்குக் காத்திருப்பவர் போல.