மொக்கையன் கமலையில் ஓடிய சக்கரம்

இருபத்து மூன்று வருஷமாக என் மேஜைமேல் ஒரு பொய்யைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்திருக்கிறேன் என்பது போன மாதம்தான் தெரிந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு சின்ன இரும்புச் சக்கரம். வருகிறவர்களிடமெல்லாம் "யுத்த விமானத்தோட வால் சக்கரம்" என்று ஆரம்பித்துக் காபி வரும்வரை விடமாட்டேன். என் மகளுக்கு வரன் சொல்ல போடியிலிருந்து வந்த பெரியவர் கதைக்குக் காது கொடுக்கவில்லை. விளிம்புப் பள்ளத்தில் கட்டைவிரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார்.

"இது நம்ம ரோப் உருளைல்ல? மலையிலருந்து தேயிலைப் பெட்டி கம்பியில தொங்கிக்கிட்டு இறங்குமே, அதுக்குக் கிரீஸ் போட்டவன்தேன் நானு."

வரனும் அமையவில்லை. அது வேறு விஷயம்.

அவர் போனபிறகு நானும் மோந்து பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் லேசாகக் கிரீஸ் வாடை. எனக்கு அந்த வாடையோடு, வெயிலில் வாடுகிற வெங்காயத் தாளின் வாடையும் சேர்ந்தே வரும்.

யுத்தத்தின் கடைசிக் காலம். வருசநாட்டு மலையில் ஒரு விமானம் விழுந்தது. ஓட்டி வந்தவர்கள் குடை விரித்துக் குதித்துப் பிழைத்துக்கொண்டார்கள். பட்டாளத்தார் மலையேறிப் பார்த்தபோது விமானத்தின் எலும்புக்கூடுதான் கிடந்தது. தகடும் சாமானுமாகச் சதையெல்லாம் ஊர்க்காரர்கள் தலைச்சுமையில் கடமலைக்குண்டுப் பக்கம் இறங்கிப் போயிருந்தது. அதை அடையாளம் கண்டு சேகரித்து வைக்கச் சொல்லி, நான் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. பத்திரிகையில் வரும் விமானப் படங்களை வெட்டி ஒட்டிய நோட்டு ஒன்று என்னிடம் இருந்தது. மத்தியான வேளைகளில் அதைக் காட்டி எல்லோரையும் இம்சை செய்திருக்கிறேன். ஏகமனதாக என்னை அனுப்பி வைத்தார்கள்.

மூன்று நாள் அலைந்தேன். "பிளேனா? அது எப்ப விழுந்துச்சு?" என்று ஊரே என்னிடம் விசாரித்தது. நாலாம் நாள், மொக்கையன் என்பவரின் கிணற்றில் கமலை ஓடிக்கொண்டிருந்தது. மாட்டை ஓட்டித் தோல் சாலில் தண்ணீர் இறைக்கிறபோது கிணற்றுமேட்டு மர உருளை ஊருக்கே கேட்கும்படி அழும். இங்கே சத்தமே இல்லை. மேலே பார்த்தால் இரும்புச் சக்கரம், உள்ளே பேரிங். என் நோட்டில் இருந்த வால் சக்கரமேதான்!

"இது பிளேன் சாமான்" என்றேன்.

"இல்லீங்கய்யா. எம் மச்சான் போடி மலையடிவாரத்துலருந்து கொண்டாந்தது."

"இந்தப் பள்ளம் டயர் மாட்டுறதுக்கு."

"வடம் ஓடுறதுக்குங்க."

அவர் சொன்னதுதான் சரி. ஆனால் நோட்டு வைத்திருந்தவன் நான். ஒரு சாமானாவது இல்லாமல் திரும்ப முடியாது என்று அவரிடமே அழாத குறையாகச் சொன்னேன். அவருடைய மனைவி பேச்சியம்மாள் வெயிலில் கிடந்த மாட்டுத் தொட்டியை வேப்பமரத்தடிக்கு இழுத்துக் கவிழ்த்துப் போட்டு, "சுடும் தம்பி" என்று மேலே சாக்கை விரித்தார். உட்கார்ந்து கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதினேன்.

"சோடியில ஒத்த மாடு நொண்டி அய்யா" என்றார் மொக்கையன். "மர உருளை போட்டா இழுக்காது. வெங்காயம் இன்னும் இருவது நாளு தண்ணி கேக்கும்."

எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் மூன்று பிரதியிலும் 'விமானச் சக்கரம் ஒன்று' என்று விழுந்துவிட்டது. நான் அழிக்கவில்லை. அவர் மறிக்கவில்லை; தானே ஏறிக் கழற்றி, துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தார். துடைத்துக் கொடுத்ததுதான் இன்றைக்கும் பொறுக்கவில்லை. பத்தாம் நாள் அந்த வழியே வேறு வேலையாகப் போனேன். பாத்தியெல்லாம் வெங்காயத் தாள் தண்ணீரில்லாமல் வாடி மடிந்து கிடந்தது.

சக்கரத்தைக் கேட்டுப் பட்டாளத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. யுத்தமே முடிந்துவிட்டது. அப்போதாவது மொக்கையனிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் எழுதியது தப்பென்று ஆகிவிடுமே. வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

போன வாரம் அதைச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மொக்கையன் காலமாகி இரண்டு வருஷமாம். மாடு முன்னும் பின்னும் நடந்த சரிவை மண் போட்டு நிரவி, தென்னை வைத்திருக்கிறார்கள். கிணற்றோரம் சின்ன அறைக்குள் கரண்டு மோட்டார் உறுமுகிறது. கிணற்றுமேட்டில் உருளை நின்ற இரண்டு கல்லில் ஒன்று துணி துவைக்க ஆகியிருந்தது. மற்றதைக் காணோம்.

பேச்சியம்மாள் சக்கரத்தை வாங்கிச் சுவரோரம் வைத்தார். அது எங்கே உருளும் என்றுகூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அன்னைக்குச் சாக்கைப் போட்டு உக்கார வச்சேனே, அந்தத் தொட்டிதேன் தம்பி பிளேனு. ஒருக்கா எந்திரிச்சுக் குனிஞ்சு பாத்திருந்தீகன்னா, எங்க சக்கரம் தப்பிச்சிருக்கும்."