அம்மா சொல்ல மறுத்த பொய்ச் சாட்சி

அம்மா எங்களை விட்டுக் கர்த்தரிடம் போய் ஒரு வருடமாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் நாலு நல்ல வார்த்தைகளை எதிர்பார்ப்பீர்கள். நல்லவை நிறைய உண்டு. ஆனால் அம்மாவின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது குமட்டல்தான். அது அம்மாவைப் பற்றியதல்ல. அம்மாவின் ஜெபத்தை ஈக்கள் போல மொய்த்தவர்களைப் பற்றியது.

அம்மா பிறந்தது கண்டிக்குப் பக்கத்தில் கடுகண்ணாவையில், ஒரு பலசரக்குக் கடைக்காரரின் மகளாக. சைவக் குடும்பம். கிறிஸ்தவரான அப்பாவை மணந்து கட்டுகஸ்தோட்டைக்கு வந்தபின் ஞானஸ்நானம் பெற்றார். மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்த அப்பா, என் தம்பி பள்ளிக்கூடம் போகத் தொடங்குமுன்னரே மாரடைப்பில் காலமானார். அம்மா கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக் காட்டிவிட்டு, வீங்கிய காலோடு பஸ்ஸில் வீடு திரும்புவார். அதைப் பற்றி ஒரு நாளும் முறையிட்டதில்லை. அம்மா முறையிட்டது ஒரே விடயத்துக்காக, ஒரே இடத்தில்தான்.

தம்பிக்குச் சிறுவயதிலேயே வலிப்பு வந்தது. விழுவான், கண் செருகும், வாயில் நுரை தள்ளும். அம்மா அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே தன் முந்தானையை மடித்து வைத்துக் காத்திருப்பார். கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை மாலையில் உள்ளங்கையில் வைத்து ஜெபித்த பிறகே அவனுக்குக் கொடுப்பார். "மாத்திரையையும் ஆசீர்வதியும், புள்ளையையும் சுகமாக்கும்." வருடக்கணக்காக இதுதான் ஜெபம். மாத்திரையால் வலிப்பு குறைந்தது. நிற்கவில்லை.

அப்பொழுது தொடங்கியது ஊர் வாய். கடுகண்ணாவைச் சொந்தக்காரர் சிலர், "குலசாமிய விட்டுட்டு போனா சும்மா விடுமா?" என்றார்கள். ஆலயத்துக்கு வரும் கிறிஸ்தவச் சொந்தக்காரர் சிலர், "விசுவாசம் பத்தல. வீட்டுல மறைஞ்ச பாவம் ஏதோ இருக்கு" என்றார்கள். எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, எங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டு, தம்பி கேட்கும்படியே சொன்னார்கள். இரு தரப்புக்கும் கடவுள் வேறு, நாக்கு ஒன்றுதான்.

தம்பி வளர்ந்து கெலிஓயாவில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் திருத்தும் வேலைக்குப் போனான். அந்தக் காலத்தில்தான் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு வரும்படி உறவினர் ஒருவர் அம்மாவை நச்சரித்தார். அதை நடத்திய பாஸ்டரின் பெயரை எழுதி இந்த மலரை அசுத்தப்படுத்த விரும்பவில்லை. அம்மா அரைமனதோடு போனார். நானும் தம்பியும் கூடப் போனோம்.

மேடையில் கூச்சல், காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி, கண்ணைக் குத்தும் வெளிச்சம். தம்பியை மேடைக்கு இழுத்தார்கள். பாஸ்டர் அவன் தலையைப் பிடித்து உலுக்கினார். தம்பி வலிப்பு வந்து விழுந்தான். இரண்டு பேர் அவனை மல்லாக்கப் போட்டு அமுக்கினார்கள். பாஸ்டர் அவன் நெஞ்சில் கையை வைத்து, "அசுத்த ஆவி வெளிய வருது, பாருங்க!" என்று முழங்கினார். கூட்டம் அல்லேலூயா என்றது. கைத்தொலைபேசிகள் உயர்ந்தன.

அம்மா முட்டி மோதி மேடையில் ஏறினார்.

"தொடாதீங்கம்மா! ஆவி வெளியேறுது!" என்று தடுத்தார் பாஸ்டர்.

"அது ஆவி இல்லைங்க, எச்சில். புள்ளைக்கு மூச்சு முட்டுது. கைய எடுங்க!"

பாஸ்டர் கையிலிருந்த ஒலிவாங்கி வழியாக அது எல்லோருக்கும் கேட்டது. அம்மா அவர்களைத் தள்ளிவிட்டு, தம்பியை ஒருக்களித்துப் போட்டார். அவன் காற்சட்டை நனைந்திருந்தது. தன் முந்தானையால் மூடினார். சுற்றி நின்ற ஊழியக்காரர் ஒருவரும் குனியவில்லை. "நேரலை போய்க்கிட்டு இருக்கு, ஓரமா கொண்டு போங்க" என்றார் ஒருவர். எங்களை ஏற்றிவந்த முச்சக்கரவண்டிக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர், வாசலிலிருந்து ஓடிவந்து தம்பியைத் தூக்கினார். "அக்கா, நீங்க தலைய புடிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். அன்று அந்த மண்டபத்தில் நான் கண்ட ஒரே நல்ல சமாரியன், தொழுகைத் தொப்பி போட்டிருந்தார்.

அடுத்த நாளே காணொளி வெளியானது. 'பிசாசு பிடித்த வாலிபனுக்கு விடுதலை' என்று தலைப்பு. அம்மா பேசிய இடத்தை வெட்டியிருந்தார்கள். தம்பியின் முகத்தையும் நுரையையும் வெட்டவில்லை. கெலிஓயாக் கடை முதலாளி, "ஆக்கள் பயப்படுறாங்க தம்பி, கொஞ்ச நாள் வீட்டுல இருங்க" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

காணொளியை எடுத்துவிடும்படி கேட்க அம்மாவுடன் போனேன். பாஸ்டர் சிரித்த முகமாய், "ஊழியத்துக்குப் பிரயோசனமா இருக்கும்மா. சுகமாயிட்டான்னு நீங்களும் ஒரு சாட்சி சொல்லிடுங்க. சொல்லச் சொல்லத்தான் சுகம் வரும்" என்றார்.

"வந்த பொறகு சொல்றேன். இல்லாதத சொன்னா அது பொய் சாட்சிங்க" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்தார்.

"அப்போ திரும்ப வலிப்பு வந்தா, அது உங்க அவிசுவாசம்" என்றார் அவர். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போல மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார். எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவுக்கும் பொறகு இன்னும் கேக்குறீங்களா?" என்றேன்.

"அந்தாள் வாசல்ல நின்னு கத்துறாருன்னு, நான் உள்ள இருக்கிற ஆண்டவரோட பேசாம இருக்கணுமா?"

அம்மாவின் விசுவாசம் சாதுவானதல்ல. சில நாட்களில் ஜெபத்திலேயே சண்டை பிடிப்பார். "கேக்குதா, இல்லையா? நான் என்ன செவுத்தோடயா பேசுறேன்?" என்பார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "சரி, நாளைக்கும் வருவேன்" என்று எழுவார். மறுநாளும் வருவார். தம்பிக்கு வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டுக் கொடுத்து, தெரிந்தவர்களின் கைத்தொலைபேசிகளைத் திருத்தக் கேட்டு வாங்கி வந்ததும் அம்மாதான். கேட்பதும் உழைப்பதும் அவருக்கு இரண்டு வேலையல்ல.

கடைசியில் சிறுநீரகம் பழுதாகி வார்டில் கிடந்தார். பேச்சுக் குழறிய பிறகும் தம்பியைக் கண்டால், "மாத்திர போட்டியா?" என்பார். அப்படியே ஒரு விடியற்காலையில் அமைதியானார். அவர் கேட்டது அவர் கண்முன் நடக்கவில்லை.

அம்மாவின் சவப்பெட்டி வீட்டில் இருந்தபோது அந்தப் பாஸ்டர் வந்தார். எங்கள் சபைப் போதகர் வேதம் வாசித்து முடித்ததும், யாரும் கேட்காமலே ஒலிவாங்கியை எடுத்தார். "இந்தத் தாயின் கண்ணீருக்குக் கர்த்தர் பதில் கொடுத்தார், அடியேன் கைவைத்து ஜெபித்தபோது இவர் மகன் பூரண விடுதலை பெற்றான்" என்றார். அம்மாவின் முகத்துக்கு மேலே நின்றுகொண்டு சொன்னார். நான் எழப் பார்த்தேன். ஆனால் எழுந்தவன் தம்பி.

"பாஸ்டர், மைக்க குடுங்க."

வாங்கிக்கொண்டு எல்லோரையும் பார்த்தான். "எனக்கு இன்னும் வலிப்பு வருது. போன கெழமையும் வந்துச்சு. அம்மா உசுரோட இருக்கும்போது சொல்லாத பொய்ய, செத்த பொறகு அவங்க பேர்ல சொல்லாதீங்க. அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இனி நான் கேப்பேன்."

முச்சக்கரவண்டி நானா மட்டும் கதிரையிலிருந்து எழுந்து, தம்பியின் தோளில் கைபோட்டு நின்றார். பாஸ்டர் தேநீர் குடிக்காமலே போனார்.

அம்மாவுக்காக உழைத்த வார்டுத் தாதியருக்கும், தம்பியைப் பொறுமையோடு பார்த்துவரும் கிளினிக் வைத்தியருக்கும், சவ அடக்கத்தில் தோள் கொடுத்த அயலவர்களுக்கும், எங்கள் போதகருக்கும், நானாவின் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. ஆண்டு நினைவு ஆராதனைக்கு வருகிறவர்கள் தம்பிக்காகத் தாராளமாக ஜெபியுங்கள். சுகமாகிவிட்டதென்று மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள். சுகமானால் அவனே சொல்வான்.

— மகள்